வெல்னெஸ் சென்டர் தொடங்கும் முன்: எந்தச் சேவையை வைப்பது, எதை அடிப்பது?

வெல்னெஸ் சென்டர் தொடங்கப் போகிறவர்களிடம் பேசினால் முதலில் வெளியே வருவது ஒரு பட்டியல்தான். யோகா, கர்ப்பகால யோகா, எண்ணெய் மசாஜ், சிரோதாரா, ஸ்டீம் பாத், கால் மசாஜ், மூச்சுப் பயிற்சி, உணவு ஆலோசனை. போர்டில் இடம் இருக்கும்வரை எழுதிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆள், ஒரு கருவி, ஓர் இடம் வேண்டும் என்பது வாடகை கட்டத் தொடங்கிய பிறகுதான் உறைக்கும். அதற்குள் ஸ்டீம் கேபின் துண்டு காயப்போடும் இடமாகியிருக்கும்.

வாடிக்கையாளர்களின் விருப்பத்தை விசாரிப்பது என்றால், பட்டியலில் இன்னும் என்ன சேர்க்கலாம் என்று கேட்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், எட்டுச் சேவையில் எந்த ஐந்தை அடித்துவிட்டு மூன்றோடு கடை திறக்கலாம் என்று கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு விசாரணையும். ஒழுங்காகச் செய்தால் ஒன்றரை மாதம் பிடிக்கும். செலவு பெரிதாக ஆகாது. நடையும் பொறுமையும்தான் அதிகம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவை வடவள்ளியில், மாடியில் ஒரு ஹாலும் ஒரு சின்ன அறையும் வாடகைக்குப் பார்த்திருக்கிறீர்கள். கையில் மேலே சொன்ன எட்டும் இருக்கின்றன. கீழே வரும் கட்டணங்களும் கணக்குகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை. உங்கள் ஊர்த் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது

வடவள்ளியும் சரவணம்பட்டியும் ஒரே மாநகராட்சிதான். வடவள்ளி மருதமலை போகும் வழியில், ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் வீடு கட்டிக் குடியேறிய பகுதி. சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளும் ஹாஸ்டல்களும் நிறைந்தது. அங்கே ராத்திரி எட்டு மணி வகுப்பு நிறையலாம். இங்கே அந்த நேரத்துக்குப் பாதி வீடுகளில் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். ஆகவே 'கோவைக்காரர்களுக்கு என்ன பிடிக்கும்' என்று கேட்டுப் பயனில்லை. உங்கள் சென்டருக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் வந்துசேரக்கூடியவர்களில் இரண்டு வகையினரை மட்டும் எடுங்கள். நம் உதாரணத்துக்கு, முழங்கால், இடுப்பு என்று தொந்தரவு தொடங்கிவிட்ட 55 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு வகை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை கொஞ்சம் மூச்சுவிடும் பெண்கள் இன்னொரு வகை.

சொந்தக்காரர்கள், நண்பர்கள், உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, இவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் முகத்துக்காகப் பதில் சொல்வார்கள். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு நின்றால் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் ஊரின் மறுபக்கத்தில் இருப்பவர்கள். ஒரு மசாஜுக்காக வடவள்ளி வரை வண்டி ஓட்ட மாட்டார்கள். வடவள்ளி உழவர் சந்தை, உங்கள் தெருமுனை மருந்துக்கடை, பள்ளி விடும் நேரத்து வாசல் ஆகிய மூன்றும் அதைவிட நல்ல இடங்கள்.

முதல் வாரம் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம்

மக்களின் பணம் ஏற்கெனவே எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். முதுகுவலி வந்தால் இந்த வட்டாரத்தில் என்ன செய்கிறார்கள்? பிசியோதெரபி கிளினிக்குக்குப் போகிறார்கள், கேரள வைத்தியசாலைக்குப் போகிறார்கள், வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துவிடும் ஆளைக் கூப்பிடுகிறார்கள், இல்லாவிட்டால் மருந்துக்கடையில் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெரு யோகா கிளாஸோடு சேர்த்து இத்தனையும் உங்கள் போட்டி. ஒவ்வொரு இடத்து வாசலிலும் காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் எத்தனை வண்டி நிற்கிறது என்று ஒரு திங்கள், ஒரு வியாழன், ஒரு ஞாயிறு எண்ணிக் குறியுங்கள்.

ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் சென்டர்களின் கூகுள் ரிவியூக்களையும் படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தில் பெரும்பாலும் பாராட்டுதான் இருக்கும், ஒரு நட்சத்திரத்தில் கோபம். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் நிதானமாகக் காரணம் எழுதுவார்கள்: மசாஜ் நன்றாக இருந்தது ஆனால் குளிக்கச் சுடுதண்ணீர் வரவில்லை, வாரா வாரம் ஆள் மாறுகிறார், சொன்ன நேரத்துக்கு உள்ளே கூப்பிடவில்லை என்று.

எந்த மாதத்தில் விசாரிக்கிறீர்கள் என்பதும் பதிலை மாற்றும். மே மாதம் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது காலைப் பத்து மணி வகுப்புக்கு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜூனில் பள்ளிக் கட்டணம் கையைக் காலி செய்திருக்கும். ஆடியில் புதிதாக எதிலும் சேரத் தயங்குவார்கள். மார்கழி அதிகாலை கோலத்துக்கும் கோயிலுக்கும் போய்விடும். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்ற எண்ணெய்க் குளியல் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் மசாஜுக்கு எந்தக் கிழமை கேட்பார்கள் என்பதை அது தீர்மானிக்கலாம். எனவே ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் தேதி எழுதுங்கள்.

பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து பேசுவது

இந்த வேலையில் இதுதான் கனமான பகுதி.

கொங்குப் பக்கம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை. 'நல்லாருக்குமுங்க, ஆரம்பிங்க, கண்டிப்பா வர்றோமுங்க' என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை, உங்களை வாழ்த்துகிறார்கள். வாழ்த்தை ஆர்டர் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஆகவே 'யோகா கிளாஸ் ஆரம்பிச்சா வருவீங்களா' என்ற கேள்வியை வாயிலேயே எடுக்காதீர்கள். இனி செய்யப்போவதை விட்டுவிட்டு, ஏற்கெனவே செய்ததைக் கேளுங்கள்:

'போன மாசம் உடம்பு வலின்னு எதுக்காச்சும் செலவு பண்ணுனீங்களா? எங்க போனீங்க, எவ்வளவு ஆச்சுங்க?'

'இதுக்கு முன்னாடி யோகா, ஜிம்முன்னு எங்காச்சும் சேர்ந்தீங்களா? எத்தனை நாள் போனீங்க? எதனால நின்னுட்டீங்க?'

'நேத்துக் காலைல எந்திரிச்சதுல இருந்து மத்தியானம் வரைக்கும் என்னென்ன வேலைங்க?'

'இந்த மாதிரி செலவுன்னா வீட்ல யாரைக் கேட்டுட்டுப் பண்ணுவீங்க?'

இவற்றில் தங்கம் என்றால் 'எதனால நின்னுட்டீங்க' என்பதுதான். அதற்கு வரும் பதில்களில் சேவையின் வடிவமே ஒளிந்திருக்கும். வயதானவர் ஒருவர் 'தரைல உக்காந்தா எந்திரிக்க முடியலைங்க, நாலு பேர் பாக்கறாங்கன்னு விட்டுட்டேன்' என்று சொன்னால், அவருக்கு யோகா பிடிக்கவில்லை என்று குறிக்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் யோகா என்று உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்றை அவர் கேட்கிறார். கூகுள் ஃபார்மில் டிக் அடிக்கச் சொன்னால் இது ஒருநாளும் வெளியே வராது. அதனால்தான் ஃபார்மை முதலில் அனுப்பாதீர்கள் என்கிறேன்.

நேரத்தைப் பற்றிய மூன்றாவது கேள்வியையும் விடாதீர்கள். விருப்பம் இருந்தும் நேரம் இல்லாதவர் உங்களுக்கு வாடிக்கையாளர் ஆக மாட்டார். பெண்களிடம் உடம்பு பற்றிப் பேச ஒரு பெண் போவதுதான் சரி. கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் வேறாகிவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். 'ஒரு மசாஜ் ஃப்ரீயா தர்றோம்' என்று ஆசை காட்டிப் பேச்சைத் தொடங்கவும் வேண்டாம்.

ஏன் பன்னிரண்டு? கிரெக் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வரிசையாக அலசினார்கள். பெரும்பாலான கருத்துகள் முதல் 12 நேர்காணலுக்குள்ளேயே வந்துவிட்டன. கேட்கப்படுபவர்கள் ஒரே மாதிரியான வாழ்க்கை உடையவர்களாக இருந்தால்தான் இது பொருந்தும். நம்மிடம் இரண்டு வகையினர் இருப்பதால் வகைக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைகளை வைத்துக் கேட்பது

இப்போது எண்ணிக்கைக்கு வரலாம். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டால் எல்லாச் சேவைக்கும் நான்கு, ஐந்து என்று அள்ளிக் கொடுப்பார்கள்; அவர்கள் கையிலிருந்து ஒன்றும் போகவில்லையே. ஜோர்டன் லூவியர் 1987-ல் உருவாக்கிய முறை இந்தத் தாராளத்துக்குக் கடிவாளம் போடுகிறது. நான்கைக் காட்டி, அதில் மிகவும் வேண்டியது எது, கொஞ்சமும் வேண்டாதது எது என்று இரண்டை மட்டும் எடுக்கச் சொல்வது. மேக்ஸ்டிஃப் என்று மென்பொருளாக விற்கிறார்கள். நமக்குத் தபால் அட்டை அளவுக் காகிதம் போதும்.

சேவைக்கு ஓர் அட்டை. பெயரை மட்டும் எழுதாமல் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். 'சிரோதாரா' என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'நெற்றியில் வெதுவெதுப்பான எண்ணெயை மெல்லிய தாரையாக விடுவது, முக்கால் மணி நேரம், அப்புறம் தலை குளிக்க வேண்டும்' என்றால் புரியும். தலை குளிக்க வேண்டும் என்ற இடத்திலேயே சிலர் அட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். எட்டு அட்டையை நான்கு நான்காக ஆறு தடவை கலந்து காட்டினால் ஒவ்வொன்றும் மூன்று தடவை வரும்படி அமைக்கலாம். 'வேண்டும்' என்று எடுத்த தடவைகளில் இருந்து 'வேண்டாம்' என்று எடுத்தவற்றைக் கழியுங்கள். முப்பது பேரிடம் கேட்டால் ஒரு சேவை 90 தடவை காட்டப்பட்டிருக்கும். கழித்து வந்த எண்ணில் அடியில் கிடக்கும் இரண்டு, மூன்றைத் தயங்காமல் அடியுங்கள். நடுவில் இருப்பவற்றின் வரிசையை மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம்.

ஏன் என்றால், மாதிரிக் கணக்கெடுப்பில் பிழை என்று ஒன்று உண்டு. சீட்டுப் போட்டு எடுத்ததுபோல் எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துத் தேர்ந்தெடுத்த 100 பேரிடம் கேட்டாலே, சதவீதத்தில் ஏறக்குறைய பத்துப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். அதை ஐந்தாகக் குறைக்க 400 பேர் வேண்டும். ஆகவே கால் மசாஜ் 58 சதவீதம், மூச்சுப் பயிற்சி 53 சதவீதம் என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான். 58-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், முடிவெடுக்க அது போதும்.

கேட்க மாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் வர மாட்டார்கள்

ஜப்பானியப் பேராசிரியர் நொரியாகி கானோ 1984-ல் சொன்ன ஒரு பாகுபாடு இங்கே ரொம்ப உதவும். ஒரே விஷயத்தை இரண்டு விதமாகக் கேட்பார்: இது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? பெண்களுக்குப் பெண் தெரபிஸ்ட் என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால்? 'அது இருக்கத்தானுங்க வேணும்.' இல்லாவிட்டால்? 'உள்ளயே வர மாட்டனுங்க.' இருந்தால் பாராட்டு கிடைக்காது, இல்லாவிட்டால் கடை காலி. துவைத்த துண்டு, உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு, குளிக்க வெந்நீர், மாடிப்படியில் கைப்பிடி எல்லாம் இந்த வகை. மூலிகைத் தேநீர் கொடுத்தால் 'நல்லாருக்கும்' என்பார்கள், கொடுக்காவிட்டால் 'பரவாயில்லைங்க' என்பார்கள். பணத்தை எதில் முதலில் போடுவது என்று இந்த இரண்டு பதில்களே சொல்லிவிடும். மாடியில் இடம் பார்த்திருக்கும் நம் உதாரணத்தில், முழங்கால் வலிக்காரர்கள் படி ஏறுவார்களா என்பதையும் இந்த முறையிலேயே கேட்டாக வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

விலையும் நேரமும்

எவ்வளவு கொடுப்பீர்கள் என்று நேராகக் கேட்டால் பேரம்தான் தொடங்கும். டச்சுப் பொருளியலாளர் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் 1976-ல் அறிமுகப்படுத்திய நான்கு கேள்விகள் இருக்கின்றன. எந்த விலைக்குக் கீழே போனால் தரத்தில் சந்தேகம் வரும்? எந்த விலை என்றால் நல்ல லாபமான விலை? எதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டியிருக்கும்? எதற்கு மேல் போனால் வேண்டவே வேண்டாம்? முப்பது பேரின் பதிலை, ஒவ்வொரு விலையிலும் எத்தனை பேர் அப்படி நினைப்பார்கள் என்று எண்ணி, ஒரு தாளில் நான்கு கோடாக வரைந்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் பகுதி உங்களுக்கு விலை வரம்பாகக் கிடைக்கும். ஒரு தடவைக்கா, மாதத்துக்கா என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அந்த விலையை அறை எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். எண்ணெய் மசாஜ் ஒரு மணி நேரம் என்று போர்டில் எழுதுகிறோம். குளிக்கவும் மேசையைத் துடைத்து விரிக்கவும் இன்னும் அரை மணி. கட்டணம் 1,200 ரூபாய், தெரபிஸ்டுக்கு 400, எண்ணெய், சலவை 150 என்று வைத்தால், ஒன்றரை மணி நேரத்துக்கு மிஞ்சுவது 650, அதாவது மணிக்கு 430 சொச்சம். நாற்காலி யோகாவில் மாதம் 12 வகுப்பு, ஆளுக்கு 1,200, ஒரு பேட்சில் 12 பேர் என்றால் வகுப்புக்கு 1,200 வரும். ஆசிரியருக்கு 400 போக 800 நிற்கும். ஆனால் பேட்சில் ஐந்தே பேர் சேர்ந்தால் வகுப்புக்கு 100 ரூபாய்தான். வாடகை, கரண்ட் எல்லாம் இதற்குப் பிறகு. அட்டையில் முதலிடம் வந்த சேவை இந்தக் கணக்கில் தோற்றுப்போவது சகஜம், அதற்காக மனம் உடைய வேண்டாம். கால் மசாஜுக்கு உடை மாற்ற வேண்டாம், குளிக்க வேண்டாம், ஹாலின் ஓரத்தில் ஒரு சாய்வு நாற்காலி போதும் என்பதுபோன்ற சங்கதிகள் இந்த இடத்தில்தான் கண்ணில் படும்.

பட்டியலில் சட்டம் அடித்துவிடும் சேவைகள்

விசாரணையில் 'சக்கரைக்கு ஏதாச்சும் இருக்குங்களா' என்ற கேள்வி நிச்சயம் வரும். தேவை இருக்கிறதே என்று அதைப் போர்டில் ஏற்றிவிடாதீர்கள். மருந்து, மாயத் தீர்வு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், உடல் பருமன் எல்லாம் இருக்கின்றன. இவற்றைக் குணமாக்கும் என்று எண்ணெயையோ லேகியத்தையோ விளம்பரம் செய்வது குற்றம். சித்த, ஆயுர்வேதச் சிகிச்சை என்று சொல்வதானால் பதிவுபெற்ற மருத்துவர் வேண்டும். கர்ப்பகால யோகாவுக்கு அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரும், ஒவ்வொருவருக்கும் அவரவர் மருத்துவரின் சம்மதமும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இவை கைவசம் இல்லையென்றால் அந்த அட்டைகள் எவ்வளவு மேலே வந்திருந்தாலும் இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள்.

ஜிம், யோகா சென்டர், சலூன் போன்ற சேவைகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் கருவி வாங்கும்போது நீங்கள் கட்டும் வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயம் இல்லை. மாநகராட்சி உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று வார்டு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். விசாரணையில் சேர்த்த உடல்நலத் தகவல்களைப் பெயர், எண்ணோடு நோட்டில் வைத்திருக்க வேண்டாம். போனிலோ கணினியிலோ ஏற்றுவதானால் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் கேட்கச் சொல்கிறது; சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவருடைய மூட்டுவலி ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பணம் கட்டச் சொல்லிப் பார்ப்பது

இதுவரை வந்ததெல்லாம் வாய்ச்சொல். இப்போது மிஞ்சியிருக்கும் நான்கு சேவைக்கும் ஒரே அளவு நோட்டீஸ் அடித்து, தொடங்கும் தேதி, நேரம், கட்டணம் எல்லாம் போட்டு, 200 ரூபாய் முன்பணம் கேளுங்கள். தொடங்காவிட்டால் திருப்பித் தருவோம் என்று நோட்டீஸிலேயே எழுதுங்கள். எத்தனை பேர் கட்டினால் தொடங்குவது என்பதை நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு எழுதினால் ஆறு பேர் வந்ததும் ஆறே போதும் என்று தோன்றும்.

முன்பணம் கட்டியவர்களை வைத்து ஒரு மாதம் சோதனையாக நடத்துங்கள். நாற்காலியை வாடகைக்கு எடுங்கள். தெரபிஸ்டை வாரம் மூன்று நாள் மட்டும் வரச் சொல்லுங்கள். ஸ்டீம் கேபின், துரோணி (எண்ணெய் மசாஜுக்கான மரக்கட்டில்) எதையும் வாங்காதீர்கள். ஒரு நோட்டில் தேதி, சேவை, நேரம், இது எத்தனாவது வருகை என்று நான்கு கட்டம் போதும். முதல் வருகை ஆர்வத்தில் நடக்கும், இரண்டாவது வருகைக்கு ஒரு காரணம் வேண்டும். முதல் மாதம் சிரோதாராவுக்கு இருபது பேர் வந்து ஒருவரும் திரும்பவில்லை, நாற்காலி யோகாவுக்கு ஒன்பது பேர் வந்து எட்டுப் பேர் அடுத்த மாதப் பணமும் கட்டினார்கள் என்றால், எட்டுப் பேர் இருக்கும் பக்கம் போங்கள். திரும்ப வராதவர்களைப் போனில் கூப்பிட்டு 'ஏன் வரலைங்க' என்று கேட்டால் சங்கடப்படுவார்கள். 'எங்ககிட்ட எதை மாத்துனா நல்லாருக்குமுங்க' என்று கேளுங்கள், பேசுவார்கள்.

தொடங்காமல் விட்ட சேவைகளுக்கு முன்பணம் கட்டியவர்கள் இருப்பார்கள். முடிவெடுத்த அன்றே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, 200 ரூபாயை ஜிபேயில் திருப்பி அனுப்புங்கள். அவர்கள் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, தனியாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த சேவையைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கூப்பிட வேண்டியவர்கள் அவர்கள்தான்.